பெரிய கோயில் சுவரும் ஒரு நிச்சயதார்த்த மோதிரமும்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். திருவையாறு பக்கத்துப் பிள்ளை. பத்தாம் வகுப்பில் வரலாற்றில் தட்டுத்தடுமாறி, இன்றைக்கு நல்ல வேலையில் இருக்கிறான்.

"டீச்சர், நிச்சயதார்த்தத்துக்குப் பொண்ணு கையில வைர மோதிரம் போடணும். எங்கிட்ட ஒண்ணேகால் லட்சம்தான் இருக்கு. ஒரு காரட்டாவது இருந்தாத்தான் எடுப்பா இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. அப்பா, 'ரெண்டு மா நிலத்தை ஒத்திக்கு விட்டுடறேன், குறையில்லாம செய்'ங்கிறார். நீங்க என்ன சொல்றீங்க?"

"வைரம் வாங்க வரலாறு டீச்சர்கிட்ட யோசனை கேக்குறியேடா" என்று சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. 'ரெண்டு மா நிலம்' என்ற வார்த்தை மனதைக் குடைந்தது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் வரலாறு.

நம் ஊர்ப் பெரிய கோயிலுக்கு எத்தனையோ தடவை போயிருப்பீர்கள். நந்தியைப் பார்ப்போம், விமானத்தை அண்ணாந்து பார்ப்போம், வந்துவிடுவோம். அடிப்பகுதியிலும் திருச்சுற்று மாளிகையிலும் வரிவரியாக வெட்டியிருக்கும் எழுத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. அது வெறும் புகழ்மாலை இல்லை. பெரும்பாலும் கணக்குப் புத்தகம். தான் கொடுத்தது, அக்காள் குந்தவை கொடுத்தது, தன் தேவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னவன் முதலாம் ராஜராஜன் (985–1014). ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1890களில் இவற்றைப் படியெடுத்து, 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியில் வெளியிடத் தொடங்கினார்.

அதில் நகைகளின் பட்டியல் இருக்கிறதே, இன்றைய நகைக்கடை பில் தோற்றுப்போகும். ஒவ்வொரு நகையிலும் வைரம் இத்தனை, மாணிக்கம் இத்தனை, முத்து இத்தனை என்று எண்ணிக்கை இருக்கும். பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்று ஒரு எடைக்கல், மணிகளையும் நகைகளையும் நிறுக்க 'தட்சிணமேருவிடங்கன்' என்று தனியாக ஒரு எடைக்கல். கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று எடை. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. பல நகைகளுக்குக் காசுக் கணக்கில் விலையும் உண்டு.

ஆனால் என்னை நிற்க வைத்தது வேறு ஒன்று. வைரங்களைச் சொல்லும் இடத்தில், அவற்றின் குறைகளையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். பொரிவு, முரிவு, ரக்தபிந்து, காகபிந்து, வெந்தது. அதாவது பொரிப்பொரியாகப் புள்ளி உள்ளது, விரிசல் உள்ளது, சிவப்புப் புள்ளி உள்ளது, காக்கை நிறத்தில் கரும்புள்ளி உள்ளது, சூடு பட்டதுபோலத் தழும்பு உள்ளது. இப்படிப்பட்ட கற்களும் இதில் அடக்கம் என்று பகிரங்கமாகக் கல்லில் வெட்டி வைத்தார்கள். முத்துக்கும் அப்படித்தான், உருண்டை, கரடு, இரட்டை, நீரோட்டம் என்று தரம் பிரித்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். கொடுத்தவன் சேரனையும் பாண்டியனையும் வென்ற சக்கரவர்த்தி. வாங்கிக்கொண்டவர் ஈசன். அங்கேயே எல்லாக் கல்லும் குறையற்றதாக இல்லை. அதை மறைக்கவும் இல்லை. பண்டாரப் பொறுப்பு கைமாறும்போது கல்லும் மாறிவிடக் கூடாது என்ற கணக்கு இதில் இருந்திருக்கும் என்பது என் ஊகம். அடையாளம் எழுதிய கல்லை மாற்றினால் பிடிபட்டுவிடும் அல்லவா?

வைரத்தின் குறை பார்க்கும் அறிவு அதற்கும் முந்தியது. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரை ரத்தினக் கடைத்தெருவைச் சுற்றிப் பார்க்கும் ஊர்காண் காதையில், வைரத்தில் இருக்கக் கூடாத குற்றங்கள் சொல்லப்படுகின்றன. காக்கைக் கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு. இன்றைக்குக் கடையில் 'கிளாரிட்டி' என்கிறார்களே, அதேதான்.

அன்றைக்கு வைரம் என்றால் உலகத்துக்கே இந்தியாதான். கிருஷ்ணை ஆற்றுப் படுகையில் கொல்லூர் போன்ற சுரங்கங்கள். கோல்கொண்டா வைரம் என்று பெயர். 17ஆம் நூற்றாண்டில் வந்த பிரெஞ்சு வியாபாரி தவெர்னியே, கொல்லூரில் ஏறக்குறைய 60,000 பேர் வேலை செய்வதாக எழுதினார். 1720களில் பிரேசிலில் வைரம் கிடைத்தது. 1867இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்தது. அதன் பிறகு ராஜாக்களின் கல் மிராசுதார் வீட்டுக்கும் வக்கீல் வீட்டுக்கும் வந்தது.

நம் பாட்டிகள் 'ப்ளூ ஜாகர்' தோடு என்று பெருமையாகச் சொல்வார்களே, அந்த ஜாகர் எது தெரியுமா? தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபோன்டைன் என்று ஒரு சுரங்கம். 1870இல் அங்கே வைரம் கண்டுபிடித்தார்கள். 995 காரட் எடையுள்ள எக்செல்சியர் வைரம் 1893இல் அங்கேதான் கிடைத்தது. அந்தச் சுரங்கத்துக் கற்களில் லேசான நீலச் சாயல் தெரியும். எங்கோ உள்ள ஊரின் பெயர் பாதியாகக் குறுகி, கும்பகோணத்திலும் மாயவரத்திலும் கல்யாணப் பேச்சில் புகுந்துவிட்டது. 1971இல் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். பெயர் மட்டும் நம்மிடம் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. அந்த நீலச் சாயலுக்குக் காரணம், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் சில வைரங்கள் நீலமாக ஒளிர்வது. இன்றைய சான்றிதழில் 'ஃப்ளூரசன்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 'ஸ்ட்ராங் ப்ளூ' என்று போட்டிருந்தால், நிறத்தில் உயர்ந்த கற்களுக்குப் பெரும்பாலும் விலையைக் குறைக்கிறார்கள்! பாட்டி கூடுதலாகக் கொடுத்து வாங்கிய குணம் பேத்தி காலத்தில் தள்ளுபடிக்கு வந்துவிட்டது. கல் மாறவில்லை. மனிதர்கள் வைத்த மதிப்புதான் மாறியது.

நிச்சயத்துக்கு வைர மோதிரம் என்பதும் நம் வழக்கம் இல்லை. நமக்கு வெற்றிலை பாக்கு மாற்றுவதுதான் நிச்சயம். ஐரோப்பாவில் 1477இல் ஆஸ்திரிய இளவரசன் மாக்சிமிலியன் பர்கண்டி இளவரசி மேரிக்கு வைர மோதிரம் கொடுத்ததைப் பெரிதாகச் சொல்வார்கள். ஆனால் அது சாதாரணக் குடும்பங்களுக்குப் பரவியது 20ஆம் நூற்றாண்டு விளம்பரத்தால். வைரம் என்றென்றைக்கும் நிலைக்கும் என்ற டி பியர்ஸ் கம்பெனியின் புகழ்பெற்ற வாசகம் 1947இல் எழுதப்பட்டது. மோதிரத்துக்கு இரண்டு மாதச் சம்பளம் போட வேண்டும் என்பதும் அவர்கள் 1980களில் விளம்பரத்தில் சொன்னதுதான். சாஸ்திரத்தில் இல்லை. போடக் கூடாது என்று சொல்லவில்லை. ஆசையாகப் போடுங்கள். கடன் வாங்கிப் போட வேண்டிய கட்டாயம் எந்த முன்னோரும் வைத்தது அல்ல என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி என் மாணவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் காரட். தங்கத்தில் காரட் என்றால் தரம், வைரத்தில் எடை. ஒரு காரட் 0.2 கிராம், அதாவது ஒரு மஞ்சாடியைவிடக் குறைவு. நூறு சென்ட் ஒரு காரட். நமக்கு நூறு சென்ட் ஒரு ஏக்கர் என்றுதான் தெரியும். இங்கேயும் அதே கணக்கு! ஆனால் நிலம் மாதிரி இரண்டு பங்குக்கு இரண்டு பங்கு விலை இல்லை. கல் பெரிதாகப் பெரிதாக, காரட்டுக்கான விலையே ஏறும். அரை, ஒன்று என்று முழு எண்ணைத் தொடும் இடத்தில் தாவும். ஐம்பது சென்டுக்குப் பதில் நாற்பத்தேழு சென்ட் கல்லைக் கேட்டுப் பார். விரலில் வித்தியாசம் தெரியாது, பில்லில் தெரியும்.

இரண்டாவது, பட்டை. வட்ட வைரத்துக்குப் பொதுவாக 57 அல்லது 58 பட்டை. எந்தக் கோணத்தில் தீட்டினால் ஒளி நன்றாகத் திரும்பும் என்று டோல்கோவ்ஸ்கி என்பவர் 1919இல் கணக்குப் போட்டுப் புத்தகம் எழுதினார். பணத்தை இங்கே போடு. பட்டை சரியில்லாத பெரிய கல், நன்றாகத் தீட்டிய சின்னக் கல்லின் முன் கண்ணாடித் துண்டு மாதிரி நிற்கும்.

மூன்றாவது, நிறமும் குறையும். அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. நிறுவனம் வைத்த அளவுப்படி நிறம் 'டி'யில் தொடங்கி 'இசட்' வரை மஞ்சள் கூடிக்கொண்டே போகும். மஞ்சள் தங்கத்தில் பதிக்கப்போகிற கல்லுக்கு 'ஐ', 'ஜே' நிறம் தாராளம். குறையைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்துத் தரம் போடுகிறார்கள். உன் மாமியார் லென்ஸோடு வரப்போவதில்லை. வெறும் கண்ணுக்குச் சுத்தமாக இருந்தால் 'எஸ்.ஐ.1' போதும்.

நான்காவது, எழுத்து. கல்லுக்குத் தனிச் சான்றிதழ், தங்கத்துக்கு ஹால்மார்க் முத்திரை. 18 காரட் என்றால் 750 என்று இருக்கும். பில்லில் தங்க எடை தனி, கல் எடை தனி. கல்லின் எடைக்குத் தங்க விலை போடக் கூடாது. திரும்பக் கொடுத்தால் என்ன கழிவு என்பதையும் எழுதி வாங்கு. அடி மூடிய கட்டுமானம் வேண்டாம். கல்லின் அடிப்பக்கம் தெரிய வேண்டும்.

ஆய்வகத்தில் விளைந்த வைரம் வாங்கலாமா என்றும் கேட்டான். அது போலி இல்லை. அதுவும் அதே கார்பன்தான். 1954இல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் செய்து காட்டினார்கள். இப்போது சென்னை ஐ.ஐ.டி.யிலேயே அதற்கு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. விலை மிகவும் குறைவு. திரும்ப விற்றால் கிடைப்பதும் குறைவு. அழகுக்காக என்றால் தாராளமாக வாங்கு. ஆனால் இன்னதென்று பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போடு.

இப்போது அந்த இரண்டு மா நிலம்.

என் அம்மா கல்யாணத்துக்கு ஏழு கல் வைரத்தோடு போட வேண்டும் என்று பேச்சு. தாத்தா ஆற்றுப் பாசனத்தில் இருந்த இரண்டு மா நன்செயை விற்று, ஒன்றாந்தர ப்ளூ ஜாகர் என்று சொல்லி ஒருவர் கொடுத்த தோட்டை வாங்கினார். இருபது வருஷம் கழித்து அண்ணனின் ஆபரேஷனுக்காக அதை விற்கப் போனோம். நானும் கூடப் போனேன். கடைக்காரர் அடி மூடிய தோட்டைப் பிரித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார். பதினாலு கல்லில் ஐந்து வேறு தரம். இரண்டில் கரும்புள்ளி. எதிர்பார்த்ததில் பாதிகூட வரவில்லை.

அம்மா அழவில்லை. பஸ்ஸில் வரும்போது ஒன்றுதான் சொன்னார்: "கல்லுல புள்ளி இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அன்னிக்கே சொல்லியிருந்தா, அப்பா ஒரு மாவாவது மிச்சம் வெச்சிருப்பாரே."

அதற்குப் பல வருஷம் கழித்து, பிள்ளைகளைப் பெரிய கோயிலுக்குச் சுற்றுலா அழைத்துப்போக வேண்டியிருந்தது. அதற்காகக் கல்வெட்டுத் தொகுதியைப் புரட்டியபோது 'காகபிந்து' என்ற சொல்லைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் படிக்க முடியவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஈசனுக்குக் கொடுக்கும்போதே எழுதி வைத்ததை, ஒரு விவசாயியிடம் வாயால் சொல்ல ஆளில்லாமல் போயிற்றே என்று இருந்தது.

குறை இருக்கலாம். மறைவு இருக்கக் கூடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

நேற்று அவன் மறுபடி போன் செய்தான். நாற்பது சென்டுக்குச் சற்றுக் குறைவான கல். நல்ல பட்டை, 'ஐ' நிறம், 'எஸ்.ஐ.1'. ஓரத்தில் சின்னதாகக் கரும்புள்ளி என்று சான்றிதழில் படம் போட்டிருக்கிறதாம். கையில் இருந்த பணத்துக்குள் முடிந்துவிட்டது. பெண்ணிடம் புள்ளியைப் பற்றிச் சொன்னானாம். அவள் கடையில் லென்ஸை வாங்கித் தானே தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தாளாம்.

அப்பாவின் நிலம் அப்படியே இருக்கிறது. இந்த வருஷம் குறுவைக்கு நாற்று விட்டிருக்கிறார்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது சொல்லுங்கள். பெரிய கோயிலில் அந்தச் சுவரை நானே காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்