அடுப்பங்கரை வைத்தியசாலை

மத்திய ஆப்பிரிக்காவின் மேற்குப் புறத்தே, காபோன் நாட்டில், பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே ஒகோவே என்னும் பெருநதி அடர்ந்த வனத்தினூடே பாய்கிறது. அந்த வனத்திலே அக்காலத்தில் சாலை என்பதற்கு ஆற்றையன்றி வேறொன்றும் இல்லாமையால், பிரசவத்துக்கு வந்த பெண்ணானாலும், அண்டவாயுவால் துடித்த மரம்வெட்டியானாலும், தூங்கு நோய் கண்டு தலை சாய்ந்து கிடந்த கிழவரானாலும், அந்நதிக்கரையிலிருந்த லம்பரேனே வைத்தியசாலைக்கு மரத்தைக் குடைந்து செய்த ஓடத்திலேதான் வந்து சேரவேண்டியிருந்தது. அவ்வோடத்தில் நோயாளியோடு அவர் மனைவி மக்களும், சட்டி பானைகளும், சில சமயம் ஓர் ஆடும் இரண்டு கோழிகளும் கூடவே வந்திறங்கின.

ஆல்சேஸ் பிரதேசத்தில் பிறந்து, தத்துவத்திலும் கிறிஸ்தவ வேத சாஸ்திரத்திலும் ஆர்கன் வாசிப்பிலும் ஐரோப்பா முழுவதும் கீர்த்தி பெற்றிருந்த ஆல்பர்ட் ஷ்வைட்சர், முப்பதாவது வயதுக்கு மேல் வைத்திய மாணவராகப் புகுந்து, 1913 ஏப்ரல் மாதத்தில் மனைவி ஹெலெனுடன் இங்கே வந்தார். அவருக்கு முதலில் வாய்த்த வைத்திய அறை, பழைய கோழிக்கூடு ஒன்றைச் சுத்தம் செய்து வெள்ளையடித்த இடமே. அங்கே அவருக்கு வலக்கையாக அமைந்தவர் ஜோசப் அஸோவானி. எழுதப் படிக்கத் தெரியாதவராயினும் அப்பகுதியின் எட்டு மொழிகளும், பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசத் தெரிந்த இவர், முன்பு வெள்ளையர் வீடுகளில் சமையற்காரராக இருந்தவராகையால், இந்த மனிதருக்குத் தொடைக்கறியில் வலி, அந்த அம்மாளுக்கு இடப்பக்கத்து விலாக்கறியில் குத்தல் என்று சமையலறைக் கணக்கிலேயே சரீர சாஸ்திரம் முழுவதையும் டாக்டருக்குச் சொல்லிவிடுவார். நோயின் அச்சம் சூழ்ந்த அந்தச் சிறு கூட்டுக்குள் இத்தகைய சம்பாஷணை எவ்வளவு மனத்தெளிவைத் தந்திருக்குமென்று எண்ணிப் பார்க்கிறேன்.

முதல் உலகப் போர் இப்பணியைக் குலைத்தது. ஜெர்மன் பிரஜைகள் என்ற காரணத்தால் 1917-ல் தம்பதிகள் கைதிகளாகப் பிரான்சுக்குக் கொண்டுபோகப்பட்டனர். 1924-ல் ஷ்வைட்சர் திரும்பி வந்தபோது கட்டடங்களைக் காடு விழுங்கியிருந்தது. அடுத்த ஆண்டே பஞ்சமும் சீதபேதியும் சேர்ந்து வரவே, இருந்த இடம் போதாமற் போய், ஆற்றில் மேலே சில கிலோமீட்டர் தொலைவில் புதிய இடத்தைத் திருத்தத் தொடங்கினார்கள். நோய் தீர்ந்தவர்களும், நோயாளிகளோடு வந்த உற்றாரும் மரம் வெட்டி, முட்செடி களைந்து, கம்பம் நட்டு அந்த ஊரை உண்டாக்கினார்கள். இதை உலகம் ஒருவருடைய பெயரால் மட்டுமே அறிகிறது என்பது எனக்கு என்றும் மனக்குறை. வெயில் பக்கச்சுவர்களில் தாக்காதபடி கட்டடங்கள் கிழக்கு மேற்காக நீண்டு, குறுகிய முகப்பை மட்டும் சூரியனுக்குக் காட்டி நின்றன. வெள்ளத்துக்கு அஞ்சி மரத்தூண்களின்மேல் உயர்த்தப்பட்டிருந்தன. 1927 ஜனவரி 21 அன்று நோயாளிகள் படகேறிப் புது இடம் வந்தனர். ஈர மண்தரையில் படுத்துப் பழகியிருந்தவர்களுக்கு மரப்பலகைத் தளம் கிடைத்த அந்த முதல் இரவில், டாக்டர் சுற்றிவந்தபோது ஒவ்வொரு கொசுவலைக்குள்ளிருந்தும், ஒவ்வோர் அடுப்பருகிலிருந்தும் வீடு மிக நன்றாயிருக்கிறதென்ற குரல் எழுந்ததாம். மாளிகை பெற்றவரும் அடையாத ஆனந்தம் அது.

அன்றாட வாழ்க்கை மணியோசையால் நடந்தது. ஒவ்வொரு நோயாளியும் கழுத்தில் நாரிழையிற் கோத்த, எண் பொறித்த அட்டை வில்லையொன்றை அணிந்திருந்தார். வைத்தியர் குறிப்பேட்டில் அவர் வியாதியைத் தேட உதவிய அவ்வில்லையை, பலர் ரட்சையைப் போலவே பத்திரமாகக் காத்தனர். வாழைக்காயோ அரிசியோ பங்கிட்டு அளிக்கப்படும். சமைப்பது அவரவர் குடும்பத்தின் பொறுப்பு. அந்நியர் கைச்சோற்றில் விஷம் இருக்குமோ என்ற அச்சம் அப்பகுதியில் பரவியிருந்ததாலும், பல இனத்தார் ஓரிடத்தில் கூடியிருந்ததாலும், பொதுச் சமையலறை வைத்திருந்தால் பாதிப்பேர் பட்டினி கிடந்திருப்பார்கள். தேவையிலிருந்து பிறந்த இவ்வழக்கமே அந்த இடத்தின் சந்தோஷத்துக்கும் ஊற்றாயிற்று. ஞாயிறு தோறும் வார்டுகளுக்கு இடையிலிருந்த தெருவிலே பிரார்த்தனை நடக்கும். இருபுறமும் மொழிபெயர்ப்பாளர் நிற்க டாக்டர் பேசுவார். கேட்பவர்களோ அடுப்பை ஊதிக்கொண்டும், குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டும், வலையைச் செப்பனிட்டுக்கொண்டும் கேட்பார்கள். அவர்களைத் தடுக்காதது அவருடைய நல்லுணர்வு.

வைத்தியசாலையைச் சுற்றித் தோட்டமிட்டுப் பழமரங்களை நிறைய நட்டதற்குக் காரணம், யார் பறித்தாலும் திருட்டென்று சொல்ல இடமில்லாதபடி பழங்கள் மிகுந்திருக்கவேண்டும் என்ற விருப்பமே. தாயிழந்த மான்குட்டிகளும், கூழைக்கடா ஒன்றும் முற்றத்தில் வளர்ந்தன. கம்பம் நடத் தோண்டிய குழியில் தேரையோ எறும்போ விழுந்திருக்கிறதா என்று பார்த்து, அதை எடுத்துவிட்ட பின்பே கம்பத்தை இறக்கும்படி அவர் கட்டளையிட்டிருந்தார். இரவில், பாரிஸ் நகரத்துப் பாக் இசைச் சங்கத்தார், கரையானும் ஈரமும் தாக்காதபடி துத்தநாகத் தகடு பொதிந்து அளித்த பியானோவின் நாதம் காட்டுப் பூச்சிகளின் ஒலியோடு கலந்தது.

பிற்காலத்தில் வந்த ஐரோப்பிய வைத்தியர் சிலர், இந்தப் புகையும் ஆட்டு மந்தையும் நவீன சுகாதாரத்துக்கு ஒவ்வாதவை என்று கண்டித்தார்கள். அவர்கள் சொன்னது முழுத்தவறன்று. ஆப்பிரிக்கரைத் தம் இளைய சகோதரராகவே ஷ்வைட்சர் கடைசிவரை கருதியதும், சமத்துவத்தை நாடும் நம் நெஞ்சுக்கு உறுத்தலாகவே இருக்கிறது. எனினும் நோயுற்றவனை அவன் வீட்டிலிருந்து பிரிக்காமல், வீட்டையே உடன் அழைத்து வரச் சொன்ன அந்த ஏற்பாடு மட்டும் மறுக்கவொண்ணாத ஞானமென்றே நான் கொள்கிறேன். 1952-ஆம் ஆண்டுக்குரிய சமாதான நோபல் பரிசுத் தொகை கைக்கு வந்தபோதும், குஷ்டரோகத்தால் வருந்தியோருக்கென அதே கரையில் ஒரு கிராமம் எடுக்கவும், அதன் வீடுகளுக்குத் தகரக் கூரை வேயவும் அதைச் செலவிட்டார். அந்தக் கூரைகளின் கீழும் கணவனும் மனைவியும் குழந்தைகளும் சேர்ந்தே குடியிருந்தார்கள்.