தொட்டி ஒன்று, நீர் ஒன்று

கோவிலுக்குள் நுழைவோரின் பார்வை முதலில் பீடத்தை நாடும். பின்னர்ச் சுரூபங்களையும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களையும் தேடிச் செல்லும். வாயிலருகே ஒரு மூலையில் மூடியிட்டு நிற்கும் திருமுழுக்குத் தொட்டியை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஆயினும் அதைக் கடந்தே நாம் பீடத்தை அணுகினோம். நம் பெயர் பங்குப் பதிவேட்டில் ஏறியதும் அதனருகில் நின்ற பின்னரே. அந்தக் கல்லின் வரலாற்றைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

தொடக்கத்தில் தொட்டி என்று தனியே ஒன்று இல்லை. ஆறும் குளமும் போதுமாயிருந்தன. சிரியா நாட்டின் தூரா எவுரோப்போஸ் என்ற ஊரில் ஏறத்தாழ 240ஆம் ஆண்டளவில் ஒரு வீடு கோவிலாக மாற்றப்பட்டபோது, அதன் ஓர் அறையில் திருமுழுக்குக்கென நீர்த்தொட்டி அமைக்கப்பட்டது. பின்னாளில் பெருநகரங்களில் திருமுழுக்குக்கென்றே எண்கோண மண்டபங்கள் எழுந்தன. ஏழு நாள் படைப்புக்குப் பின் வரும் எட்டாம் நாள், உயிர்ப்பின் நாள் என்பது அவ்வடிவின் பொருள். குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிப்பதே பெருவழக்கானதும், இறங்கி நிற்கும் குழி தேவையற்றதாகித் தூணின்மேல் நிற்கும் கல்தொட்டி அதன் இடத்தைப் பெற்றது.

இடைக்கால ஐரோப்பியச் சிற்பிகள் அத்தொட்டிகளின் பக்கங்களை மறைக்கல்வி நூலாகவே ஆக்கினர். இங்கிலாந்தின் வின்செஸ்டர் பேராலயத்திலுள்ள 12ஆம் நூற்றாண்டுத் தொட்டி, கடல் கடந்த தூர்ணே நகரத்துக் கருங்கல்லால் ஆனது. புனித நிக்கோலாஸ் ஏழைப் பெண்கள் மூவருக்குச் சீதனம் கொடுத்துக் காத்த கதை அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. எழுத்தறியாத உழவனும் அக்கதையை அங்கே வாசித்தான். மந்திரித்த நீரைச் சூனியத்துக்காகத் திருடுவோரும் இருந்தனர். எனவே தொட்டிகளை மூடிப் பூட்டி வைக்குமாறு கான்டர்பரி பேராயர் புனித எட்மண்ட் 1236இல் கட்டளையிட்டார். இன்றும் தொட்டிகளுக்கு மூடி உண்டு.

நம் ஊரோடு தொடர்புடைய ஓர் இடைக்காலத் தொட்டி பிரான்சில், பாரிஸுக்கு அருகே புவாசி என்ற ஊரின் கோவிலில் இருக்கிறது. 1214இல் அவ்வூரில் பிறந்த ஒரு குழந்தை அதில் திருமுழுக்குப் பெற்றது. அக்குழந்தை வளர்ந்து ஒன்பதாம் லூயி மன்னனாயிற்று. முடிசூட்டப்பெற்ற ரேம்ஸ் நகரைவிட, திருமுழுக்குப் பெற்ற புவாசியே தமக்கு மேலான பெருமை தந்தது என எண்ணிய அவர், தம்மைப் 'புவாசி லூயி' என்றே சொல்லிக்கொள்ள விரும்பினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1297இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். காய்ச்சல் தீருமென்று நம்பிய மக்கள் அந்தக் கல்லைச் சுரண்டி நீரில் கலந்து குடித்தனராம். அதனால் இன்று அது தேய்ந்து சிதைந்து காணப்படுகிறது. அந்த லூயியின் பெயரால்தான் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் தம் கோட்டையை எழுப்பினர். பிரான்சுவா மர்த்தேன் ஆட்சியில், 1706ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், புனித லூயியின் திருநாளன்று, அதன் நிறைவு விழா நடைபெற்றது.

நம் தென்னகத்திலும் கல்தொட்டிக்குக் குறைவில்லை. கேரளத்தின் பழைய சிரிய மரபுக் கோவில்களில் ஒரே கருங்கல்லைக் குடைந்து, சிலுவையும் பூவேலையும் செதுக்கிய தொட்டிகள் இருக்கின்றன. கோவில் சிற்பத்தில் கைதேர்ந்த உளியே அவற்றிலும் பேசுகிறது. சென்னைக் கோட்டைக்குள் 1680இல் அர்ச்சிக்கப்பட்ட ஆங்கிலத் திருச்சபையின் புனித மரியாள் கோவில் தொட்டி, பல்லாவரத்துக் கருங்கல்லால் ஆனது. ஜோப் சார்னாக் என்ற ஆங்கில வணிகரின் பெண் மக்கள் மூவர் 1689இல் அக்கோவிலில் திருமுழுக்குப் பெற்றனர். அவர்களின் தாய் இந்தியப் பெண் என்பர். பிற்காலத்தில் நிலநூலார் அந்தக் கல்வகைக்கே சார்னோகைட் என்று அவர் பெயரை இட்டனர். கல்கத்தாவில் அவர் கல்லறைமேல் கிடக்கும் கல் அதே வகையினது.

புதுச்சேரியிலோ இடைக்காலத் தொட்டியைத் தேடுவது வீண். பிரெஞ்சுக்காரர் இங்கே ஊன்றியதே 1674இல். 1693இல் ஒல்லாந்தர் நகரைப் பிடித்தனர். 1761இல் ஆங்கிலேயர் நகரையே தரைமட்டமாக்கினர். இயேசு சபையினர் எழுப்பிய கோவில்கள் அடுத்தடுத்து அழிந்தன. மிஷன் வீதியில் இன்று நிற்கும் சம்பா கோவில், அதாவது அமலோற்பவ அன்னை பேராலயம், 1791இல் அர்ச்சிக்கப்பட்டது. எனினும் திருமுழுக்குத் தொட்டியின் வரலாற்றில் இவ்வூருக்கு வேறெந்த ஊருக்கும் இல்லாத ஓர் இடம் உண்டு. தொட்டியருகே என்ன செய்யலாம், என்ன செய்யலாகாது என்னும் வழக்கு, ரோமாபுரிவரை சென்று நாற்பது ஆண்டு நீடித்த பெருவழக்கு, இங்கிருந்துதான் கிளம்பியது.

திருத்தந்தை பதினோராம் கிளமெந்தின் தூதராகிய தூர்னோன் ஆண்டகை, சீனா செல்லும் வழியில் 1703 நவம்பரில் புதுச்சேரியில் கரையிறங்கினார். எட்டு மாதம் தங்கினார். நோயுற்றிருந்தமையால் உள்நாட்டுப் பணித்தளங்களைக் காண இயலவில்லை. இயேசு சபையைச் சேர்ந்த பூஷே, பெர்த்தோல்தி ஆகிய குருக்களிடம் வினவியறிந்து, 1704 ஜூன் 23ஆம் நாளிட்ட ஆணையொன்றை எழுதி ஜூலையில் வெளியிட்டார். அதன் முதற்பொருளே திருமுழுக்கு. உமிழ்நீர் தொடுதல், உப்பிடுதல், மூச்சு ஊதுதல் ஆகிய சடங்குகளை எவரும் விட்டுவிடலாகாது என்றது. குழந்தைக்குப் புனிதர் பெயரையே சூட்ட வேண்டும் என்றது. நோயுற்ற தாழ்த்தப்பட்ட மக்களின் குடிசைக்கே குருக்கள் சென்று அருள்சாதனங்களை அளிக்க வேண்டும் என்றும் பணித்தது.

உமிழ்நீரில் என்ன குற்றம்? காது கேளாதவரை இயேசு உமிழ்நீரால் தொட்டுக் குணமாக்கினார் என்று மாற்கு நற்செய்தி கூறும். குழந்தையின் காது இறைவார்த்தைக்குத் திறக்கட்டும் என்பதே அச்சடங்கின் கருத்து. ஆனால் தமிழனுக்கு எச்சில் எச்சில்தான். தாய் தன் பிள்ளைக்கு ஊட்டும் சோற்றில் எச்சில் இல்லை. பிறர் வாய்நீரோ தீட்டு. அருவருப்பால் மக்கள் திருமறையையே வெறுத்துவிடுவரோ என அஞ்சிய குருக்கள் அச்சடங்கை மெல்ல விட்டுவிட்டனர். அவர்களின் அச்சம் பொய்யன்று. தூதரின் கவலையும் பொய்யன்று. பண்பாட்டுக்கு எங்கே இணங்குவது, எங்கே மறுப்பது என்பதே வினா. எச்சிலை அஞ்சிய மனத்தில் தூய்மையுணர்வும் இருந்தது; சாதியுணர்வும் இருந்தது. ஒன்றை மதிக்கப்போய் மற்றொன்றையும் வாழவிட்டோமா என்பதை நாம் கேட்டாக வேண்டும்.

வழக்கின் முடிவாகத் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் 1744 செப்டம்பர் 12இல் மடல் விடுத்தார். தூர்னோன் ஆணையின் சாரம் உறுதிபெற்றது. ஆனால் குடிசைக்குச் செல்லும் கடமைக்கு ஒரு மாற்று வழி காணப்பட்டது. தாழ்த்தப்பட்டோருக்கெனத் தனிக் குருக்களை ஏற்படுத்துவதற்குத் திருத்தந்தை இசைந்தார். ஏழைக்குக் குரு கிடைத்தார் என்பது உண்மை. பீடத்தின் பணியாளரும் இரு பிரிவாயினர் என்பதும் உண்மை.

மறு ஆண்டாகிய 1745இல் இரு செய்திகள். புதுச்சேரிக் கோவிலின் உள்ளே தாழ்த்தப்பட்டோரைப் பிரித்து நின்ற சுவர் இடிக்கப்பட்டதையும், அதனால் சாதிக் கிறிஸ்தவர்களிடையே எழுந்த கொந்தளிப்பையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார். அவர் கிறிஸ்தவர் அல்லர்; எனினும் நம் கதையை நமக்காகக் காத்துவைத்தவர் அவர். அதே ஆண்டு மே 14ஆம் நாள், தெற்கே வடக்கன்குளத்தில், திருவிதாங்கூர் அரண்மனைப் பணியாளர் நீலகண்டர் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்னும் பெயர் தமிழில் தேவசகாயம் ஆயிற்று. உயர்ந்த குலத்தவராய்ப் பிறந்தும் எல்லாரோடும் கலந்து பழகியது அவர்மேல் சுமத்தப்பட்ட பழிகளுள் ஒன்று. 1752இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15இல் புனிதராக உயர்த்தப்பட்டபோது, அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப்பட்டம் விடப்பட்டது. தொட்டியருகே பெற்ற பெயர் மட்டும் நிலைத்தது. அவ்வடக்கன்குளத்திலேயே பின்னாளில் சாதிகளைப் பிரித்த கோவில் சுவர் எழுந்ததும், 1910இல்தான் அது இடிக்கப்பட்டதும் நாம் மறக்கக்கூடாத பாடம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1969இல் குழந்தைகள் திருமுழுக்குச் சடங்குமுறை புதுப்பிக்கப்பட்டது. உப்பு நீங்கியது, மூச்சு ஊதுதல் நீங்கியது, உமிழ்நீரும் நீங்கி, காதையும் வாயையும் தொடும் சைகை மட்டும் விருப்பச் சடங்காய் எஞ்சியது. நாற்பது ஆண்டு வழக்காடிய பொருளைத் திருச்சபை தானே அமைதியாக இறக்கி வைத்துவிட்டது. ஆனால் ஆணையின் ஓரத்தில் நின்ற குடிசை? அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. ஒரே தொட்டியில் முழுக்கப்பட்டோர் சில ஊர்களில் இன்றும் வெவ்வேறு கல்லறைத் தோட்டங்களில் புதைக்கப்படுகின்றனர். தேரோட்டத்திலும் திருவிழா மரியாதையிலும் பழைய சுவரின் நிழல் நீள்கிறது.

திருமுழுக்குத் தொட்டியின் இலக்கணம் எளியது. பங்குக்கு ஒன்றே உண்டு. ஆளுக்கேற்ப அதை நகர்த்த இயலாது. மன்னன் மகனுக்கும் மண் சுமப்போன் மகனுக்கும் அதே ஆழம். கிறிஸ்துவை அணிந்துகொண்டோரிடையே அடிமை, உரிமைக் குடிமகன் என்ற வேற்றுமை இல்லையென்று புனித பவுல் கலாத்தியருக்கு எழுதியதைக் கல்லில் வடித்தால் இவ்வடிவந்தான் அமையும். பாஸ்கா திருவிழிப்பில் நாம் ஆண்டுதோறும் மெழுகுவத்தி ஏந்தித் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறோம். அப்போது நம்மேல் தெளிக்கப்படும் நீர், பக்கத்து வரிசையில் நிற்பவர் மேலும் விழுகிறது. அவரை நம் வீட்டுத் திண்ணைக்கும், நம் பிள்ளையின் திருமணப் பந்திக்கும், நம் முன்னோர் துயிலும் தோட்டத்துக்கும் அழைக்க நாம் அணியமா? அரியணையைவிடத் தொட்டியைப் பெரிதென மதித்த மன்னரின் பெயரைக் கோட்டைக்குச் சூட்டிய ஊரில் வாழும் நாம், இக்கேள்விக்கு விடை சொல்லியே ஆக வேண்டும்.