கொழுந்துக் கூடையும் பங்குப் பத்திரமும்: மூணாறு தரும் வணிகக் கல்வி

வேலைவாய்ப்புத் திறன், வாழ்நாள் கற்றல் என்னும் சொற்கள் இன்று வணிகவியல் வகுப்புகளில் ஓயாது ஒலிக்கின்றன. அவற்றைக் கல்லூரிக்கு வெளியே, இடுக்கி எல்லைத் தமிழ்த் தொழிலாளரின் வரலாற்றில் வைத்துக் காண விழைகிறேன்.

1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைநிலத்தைப் பெற்றார். 1897இல் அம்மலையின் பெயரால் தேயிலை நிறுவனம் உருவாயிற்று. தமிழகத்திலிருந்து கங்காணிகள் திரட்டிவந்த குடும்பங்கள் லயங்களில் குடியேறின. கொழுந்து பறிக்கும் கைத்திறன் தாயிடமிருந்து மகளுக்கு வந்தது. கணக்கேடு மட்டும் அவள் கைக்கு வரவில்லை.

2005 ஏப்ரலில் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தது. டாடா தேயிலை நிறுவனம் தோட்ட நிர்வாகத்திலிருந்து விலக, கண்ணன் தேவன் மலைத்தோட்ட நிறுவனம் தோன்றியது. அதன் பெரும்பான்மைப் பங்குகள் ஊழியர் வசமாயின. 12,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் பங்குதாரராயினர். கூலி பெறுவோரே உடைமையாளரும் ஆயினர்.

பத்தாண்டு கழித்து, 2015 செப்டம்பரில், அந்த இரட்டை நிலை சோதனைக்கு உள்ளாயிற்று. இலாபம் குறைந்ததெனக் கூறி நிர்வாகம் 10 விழுக்காடு போனஸ் அறிவித்தது. பெண்கள் 20 விழுக்காடு கோரினர். தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்து, ‘பெம்பிளை ஒருமை’ என்னும் பெயரில் ஒன்பது நாள் மூணாற்றில் மறியல் செய்தனர். சட்டப்படியான 8.33 விழுக்காடு போனஸும் 11.67 விழுக்காடு கருணைத்தொகையுமாகச் சேர்த்து 20 விழுக்காடு உறுதியாயிற்று. அடுத்த மாதப் பேச்சில் தேயிலைத் தொழிலாளரின் நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது.

இங்கு வணிகவியல் மாணவர் கவனிக்க வேண்டியது வெற்றியை மட்டுமன்று, அதன் அமைப்பையும்தான். 1965ஆம் ஆண்டுப் போனஸ் சட்டம் 8.33 விழுக்காட்டைக் கீழெல்லையாகவும் 20 விழுக்காட்டை மேலெல்லையாகவும் வைத்து, இடைப்பட்ட அளவை நிறுவனத்தின் உபரியோடு பிணைத்திருந்தது. தொழிலாளியாக ஒருத்தி கேட்கும் கூலியும் போனஸும், பங்குதாரராக அவள் பெறும் ஈவுத்தொகையும் ஒரே வருவாயிலிருந்து வருபவை. கணக்கின் இருபுறமும் அவளே நிற்கிறாள். அந்நிலையில் இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரிவது கூடுதல் தகுதியன்று. உரிமையின் ஒரு கூறு.

பங்குப் பத்திரம் ஒரே நாளில் கைமாறலாம். அதைப் படிக்கும் அறிவு அவ்வாறு கைமாறாது. அதற்குத் தொடர்ந்த கற்றல் வேண்டும். அதுவும் தொழிலாளியின் தாய்மொழியில் வேண்டும். தேவிகுளம், பீருமேடு, சிற்றூர் போன்ற தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் அரசோடு தமிழில் மடல் எழுத 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. விண்ணப்பத்துக்கு உரிய மொழி கணக்கறிவுக்கும் உரியதாக வேண்டாவா?

நேர்காணலில் பேசப் பழக்குவதோடு திறன் பயிற்சி முடிந்துவிடுமானால், அது வேலைக்கு ஆள் தருமேயன்றி உடைமையாளரை உருவாக்காது. எல்லைப்புறக் கல்லூரிகளில் பயிலும் மாணவர்கள் தம் வீட்டிலுள்ள ஊதியச் சீட்டிலிருந்தே இவ்வாய்வைத் தொடங்கலாம். அதிலுள்ள ஒவ்வொரு பிடித்தத்தையும் தம் தாய்க்கு விளக்க முடிகிறதா என்பதே முதல் தேர்வு.