சேற்றில் கலந்த நார்

போன மாதம் ஸ்டாக் இன்ஸ்பெக்‌ஷனுக்காக அங்கலேஷ்வர் பக்கம் ஒரு குடோனுக்குப் போயிருந்தேன். (கடன் கொடுத்த சரக்கு நிஜமாகவே இருக்கிறதா என்று மூட்டையை எண்ணிவிட்டு வரும் வேலை.) எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களுக்குச் சப்ளை செய்யும் பார்ட்டி. பட்டியலில் பென்டோனைட், பேரைட் இவற்றோடு 'ஃபைபர்' என்றும் ஒரு வரி இருந்தது. கிணறு தோண்ட நார் எதற்கு? என் பி.காம் மூளைக்கு எட்டவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளை நீங்கள் இருக்கும் ஊரிலும் பார்த்திருப்பீர்கள். பாறையை இடித்து, தூளைக் காற்றாலேயே மேலே ஊதித் தள்ளிவிடும். எண்ணெய்க் கிணறு கிலோமீட்டர் கணக்கில் ஆழம், இடையிடையே இளகிய மண் வேறு. அங்கே பெரும்பாலும் காற்றின் வேலையைச் சேறு செய்கிறது. குழாய் வழியாக உள்ளே இறங்கி, அடியில் வெளிவந்து, குழாய்க்கும் கிணற்றுச் சுவருக்கும் நடுவில் உள்ள சந்து வழியாக மேலே ஏறும். வெட்டிய கல்லையும் மண்ணையும் சுமந்து வருவதும், சுவர் சரியாமல் தாங்குவதும் அதுதான்.

முதலில் வெறும் தண்ணீர்தான். 1845-ல் பிரான்சின் பெர்பிஞானில் ஃபோவெல் என்பவர் குழாய்க்குள் தண்ணீரைச் செலுத்தித் துளையிட்டார். 1887-ல் அமெரிக்காவில் சாப்மன் என்பவர் காப்புரிமைக்கு மனுப் போட்டபோது, சுவரைப் பூசி அடைக்கக் களிமண்ணோடு தவிடும் சேர்க்கலாம் என்று எழுதினார். 1901 ஜனவரி 10-ல் டெக்சாஸின் ஸ்பிண்டில்டாப் கிணறு பீறிட்டதே, அங்கே மணல் சரிவைத் தடுக்கக் குட்டைக்குள் மாடுகளை ஓட்டிச் சேறு கலக்கினார்கள் என்று சொல்வார்கள்.

அடுத்த தொல்லை, பாறை வெடிப்புக்குள் சேறு ஓடி மறைந்துவிடுவது. அதை அடைக்க மரத்தூள், பருத்திக்கொட்டைத் தோல், கரும்புச் சக்கை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கொட்டினார்கள். மண்சுவர் விரியாமல் இருக்க வைக்கோல் மிதித்துச் சேர்ப்பார்களே, கிட்டத்தட்ட அதே புத்தி.

ஆனால் நாருக்கு இன்னொரு வேலையும் உண்டு. சேறு ஓடும்போது இளகவேண்டும். பம்ப் நின்றதும் ஆறின கூழ் மாதிரி இறுகவேண்டும். இல்லையென்றால் கல்லெல்லாம் அடியில் படிந்து குழாய் சிக்கிக்கொள்ளும். அதற்காகக் களிமண்ணைக் கூட்டினால் சேறு கெட்டியாகி, அதைத் தள்ளும் அழுத்தம் ஏறி, பாறையே வெடிக்கலாம். மெல்லிய நாரைக் கொஞ்சமாகக் கலந்தால் அது வலை மாதிரிப் பின்னிக்கொண்டு கல் இறங்கும் வேகத்தைக் குறைக்கிறது. ஓட்டம் அவ்வளவாகத் தடைப்படுவதில்லை.

1960-களில் இதற்குக் கிடைத்த மலிவான சரக்கு ஆஸ்பெஸ்டாஸ். அமெரிக்கக் கிணறுகளில் 1980-கள் வரை மூட்டை மூட்டையாகப் போனது. சேற்றில் நனைந்தபின் அது பறக்காது. ஆபத்து அதற்கு முந்தைய நிமிடத்தில் இருந்தது: ஒரு ஆள் மூட்டையைக் கிழித்துக் கலவைத் தொட்டியின் வாயில் கொட்டுவான், தூசி அவன் முகத்தில் எழும்பும். நோய் தெரிய இருபது, முப்பது வருடம் ஆகும். அதற்குள் கிணறும் வற்றியிருக்கும், கணக்கும் முடிந்திருக்கும்.

வழக்குகள் வந்தன. 2011-ல் மிசிசிப்பியில் ஒரு தொழிலாளிக்கு 32.2 கோடி டாலர் தரவேண்டும் என்று ஜூரி சொன்னது. அந்தத் தீர்ப்பு பிறகு ரத்தானது. யார் ஜெயித்தார்கள் என்பதை விடுங்கள், போன நுரையீரல் போனதுதான்.

இப்போது பாலிப்ரொப்பிலீன் போன்ற செயற்கை நார்கள் இருக்கின்றன. அவற்றிலும் சிக்கல் உண்டு. தண்ணீரைவிட லேசு என்பதால், சேற்றில் போதுமான பசை இல்லாவிட்டால் மேலே மிதந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கிணற்றின் ஆழச் சூட்டில் சேறு இளகும்போது இது இன்னும் மோசமாகும். ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

எல்லாம் படித்தபின் அந்தக் குடோன் மறுபடி நினைவுக்கு வந்தது. நான் ஏசி காரில் ஏறும்போது, வாசலில் ஒரு பையன், என் மகனைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும், மூட்டை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். தலையெல்லாம் வெள்ளைத் தூசி. மூக்கில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. அது பென்டோனைட்டா பேரைட்டா என்று நான் கேட்கவில்லை. மூட்டை எத்தனை, இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்றுதான் கேட்டேன். எங்கள் படிவத்தில் அவ்வளவுதான் கட்டம்.

அடுத்த இன்ஸ்பெக்‌ஷனில் 'குறிப்பு' என்ற இடத்தில் முகக்கவசம் பற்றி ஒரு வரி எழுதப்போகிறேன். மேலதிகாரி சிரிப்பார். சிரிக்கட்டும்.