கேள்வியை யார் கேட்பது? பாதுகாப்பு ஆய்வில் சிறு நிறுவனங்களும் அரசுப் பணமும்

பாதுகாப்புத் தொழில்நுட்ப ஆய்வுக்காகச் சிறு நிறுவனங்களுக்கு அரசு தரும் நிதியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு எண்களோடு நின்றுவிடுகிறது: எத்தனை கோடி ஒதுக்கப்பட்டது, எத்தனை நிறுவனங்கள் பெற்றன. இத்தகைய திட்டம் பயன் தருமா என்பதைத் தொகையைவிட வேறு இரண்டு விஷயங்களே தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். ஆய்வுக்கான கேள்வியை வகுப்பவர் யார் என்பது ஒன்று. முன்மாதிரி தேறிய பிறகு அதை வாங்க ஆள் உண்டா என்பது மற்றொன்று. இவற்றை ஆராய நாற்பதாண்டுச் சான்றுகள் அமெரிக்காவில் கிடைக்கின்றன.

எஸ்.பி.ஐ.ஆர். என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கத் திட்டம் ராணுவத்தில் பிறந்ததன்று. அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளையில் பணியாற்றிய ரோலண்ட் டிபெட்ஸ் 1970களில் வகுத்த முன்னோட்டத் திட்டமே அதன் வேர். 1982 ஜூலையில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் அதை அரசு முழுமைக்கும் விரிவாக்கியது. வெளியாரைக் கொண்டு செய்யும் ஆய்வுக்கு ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவிடும் ஒவ்வொரு துறையும் அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கியாக வேண்டும் என்றது சட்டம். தங்கள் ஆய்வு நிதி குறையும் என்று பல்கலைக்கழகங்கள் அப்போது எதிர்த்தன. 0.2 சதவீதத்தில் தொடங்கிய பங்கு, 2017ஆம் நிதியாண்டில் 3.2 சதவீதத்தை எட்டியது. ஆய்வுக்கு மிகுதியாகச் செலவிடுவது பாதுகாப்புத் துறை என்பதால், திட்டத்தின் மொத்தப் பணத்தில் ஏறத்தாழப் பாதி அதன் வழியே போகிறது.

திட்டம் மூன்று கட்டங்களைக் கொண்டது. முதற்கட்டத்தில் கருத்து நடைமுறைக்கு ஒத்துவருமா என்று பார்க்கச் சிறு தொகை. இரண்டாம் கட்டத்தில் முன்மாதிரி செய்யப் பெருந்தொகை. மூன்றாம் கட்டத்துக்கு இந்த நிதியிலிருந்து ஒரு டாலரும் கிடையாது. ராணுவமோ சந்தையோ தன் சொந்தப் பணத்தைப் போட்டு வாங்க வேண்டும். முந்தைய கட்டங்களில் தேறிய நிறுவனத்துக்கு மறுபடி போட்டி ஒப்பந்தப்புள்ளி கோராமல் நேரடியாக ஒப்பந்தம் தரச் சட்டம் இடம் தருகிறது. திட்டத்தின் உண்மையான சோதனை இங்கேதான் நடக்கிறது.

அந்தச் சோதனையில் கிடைத்த முடிவுகள் நெடுநாள் கலவையாகவே இருந்தன. பொருளியல் ஆய்வாளர் ஜோஷ் லெர்னர் 1999இல் வெளியிட்ட ஆய்வு, இத்திட்டத்தின் நிதியை, அதாவது விருதை, பெற்ற நிறுவனங்கள் பெறாதவற்றைவிட வேகமாக வளர்ந்ததாகக் காட்டியது. ஆனால் அந்த வளர்ச்சி, துணிகர முதலீடு ஏற்கெனவே செழித்திருந்த பகுதிகளுக்குள் அடங்கிவிட்டது. ஒரே நிறுவனம் மேலும் மேலும் விருது பெறுவதால் கூடுதல் பலன் தெரியவில்லை. அடுத்த ஆண்டில் ஸ்காட் வால்ஸ்டென் இன்னும் கடுமையான முடிவுக்கு வந்தார். அரசு தந்த ஒவ்வொரு டாலருக்கும் ஈடாக, நிறுவனம் ஆய்வில் போட்டிருக்கக்கூடிய சொந்தப் பணம் ஒரு டாலர் குறைந்தது என்றார் அவர். இதனிடையே, விற்பனைப் பொருள் எதுவுமின்றி விருதுகளையே வருவாயாகக் கொண்டு ஆண்டுக்கணக்கில் இயங்கும் நிறுவனங்கள் உருவாகியிருந்தன. 2025 செப்டம்பர் 30 அன்று திட்டத்தின் சட்ட அதிகாரம் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானதற்கு முன் நடந்த சச்சரவில், இத்தகைய நிறுவனங்கள் பெறும் விருதுத் தொகைக்கு ஆயுட்கால உச்சவரம்பு விதிப்பதா என்பதும் ஒரு முக்கியக் கேள்வியாக இருந்தது.

அந்த நிறுவனங்களின் பேராசையே குற்றம் என்று சொல்வது எளிது. அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. ராணுவ ஆய்வகம் ஒன்று, இன்ன எடையில், இன்ன அலைவரிசையில், இன்ன வெப்பத்தைத் தாங்கும் கருவி வேண்டும் என்று மிகக் குறுகலாக ஒரு தலைப்பை அறிவிக்கிறது. அந்த மொழியில் விண்ணப்பம் எழுதப் பழகியவர்களே அதற்கு விடை எழுத முடியும். விடை கிடைத்தபின் அதை அந்த ஆய்வகத்தைத் தவிர வேறு யாரும் கேட்பதில்லை. பல வேளைகளில் ஆய்வகமே வாங்கும் அதிகாரம் இல்லாத இடம். நிறுவனத்துக்கு அடுத்த தலைப்புக்கு விண்ணப்பிப்பதைத் தவிர வேறு வழி ஏது?

2018இல் அமெரிக்க விமானப்படை இந்த வழக்கத்தை ஓரளவு மாற்றியதால் ஓர் அரிய ஒப்பீடு சாத்தியமாயிற்று. வழக்கமான தலைப்புகளோடு, ‘திறந்த தலைப்பு’ என்ற புதிய வகையையும் அது அறிவித்தது. உங்களிடம் இருப்பது எதுவானாலும் அது விமானப்படைக்கு எப்படிப் பயன்படும் என்று நீங்களே சொல்லுங்கள் என்பதே அழைப்பு. வழக்கமான முதற்கட்ட விருது ஒன்பது மாதத்துக்கு 1,50,000 டாலர். திறந்த விருதோ மூன்று மாதத்துக்கு 50,000 டாலர் மட்டுமே. 2019 மார்ச்சில் நியூயார்க்கில் நடந்த தேர்வு நாளில், ஒப்பந்தமான சில நிமிடங்களில் அரசுக் கடன் அட்டை வழியே முதல் தவணை போய்ச் சேர்ந்தது.

சப்ரினா ஹவெல், ஜேசன் ராத்ஜே, ஜான் வான் ரீனன், ஜுன் வோங் ஆகியோர் 2021இல் இதை ஆராய்ந்தனர். மயிரிழையில் வென்றவர்களையும் மயிரிழையில் தோற்றவர்களையும் ஒப்பிடுவது அவர்களது முறை. அந்த இரு தரப்பும் தரத்தில் ஏறக்குறைய ஒன்றே என்பதால், பின்னர் தென்படும் வேறுபாட்டை விருதின் விளைவாகக் கொள்ளலாம். திறந்த விருது பெற்றவர்களுக்குத் துணிகர முதலீடு கிடைக்கும் வாய்ப்பும், இத்திட்டத்துக்கு வெளியே ராணுவ ஒப்பந்தம் கிடைக்கும் வாய்ப்பும் கூடின. வழக்கமான விருதுக்கு அப்படிப்பட்ட விளைவு தென்படவில்லை. அது கூட்டியது இதே திட்டத்தில் இன்னொரு விருது பெறும் வாய்ப்பை மட்டுமே. மூன்றில் ஒரு பங்குப் பணம் அதிக பலன் தந்திருக்கிறது. தொகையை முதன்மையாகக் கொள்ளும் பார்வைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

இதற்கு வலுவான மறுப்பும் உண்டு. திறந்த அழைப்புக்குப் பெரும்பாலும் சிவில் சந்தையும் உள்ள மென்பொருள், ட்ரோன் போன்ற துறையினரே வருவார்கள். கடலடி உணர்கருவிக்கோ ஏவுகணை முனையின் வெப்பக் காப்புக்கோ தனியார் முதலீட்டாளர் வரிசையில் நிற்க மாட்டார். அங்கே குறுகிய கேள்வி தேவைதான். துணிகர முதலீடு வந்ததா என்ற அளவுகோல் அந்த ஆய்வுகளுக்கு நியாயமும் செய்யாது. இதை ஏற்கிறேன். ஆனால் இந்த மறுப்பு குறுகிய தலைப்பின் கடமையைக் கூட்டவே செய்கிறது. சந்தை இல்லாத பொருளைக் கேட்கும் படைப்பிரிவு, அதை வாங்குவதற்கான வழியையும் கேள்வியோடு சேர்த்தே அறிவிக்க வேண்டும்.

இந்தியாவில் இதற்கு இணையான ஐடெக்ஸ் திட்டத்தை 2018 ஏப்ரலில் சென்னையை அடுத்த திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில் பிரதமர் தொடங்கிவைத்தார். அதன் மையம் முப்படைகளும் முன்வைக்கும் சவால்கள்; திறந்த சவால்களும் உண்டு. தொடக்கத்தில் 1.5 கோடி ரூபாயாக இருந்த மானிய உச்சவரம்பு, ஐடெக்ஸ் பிரைமில் 10 கோடியாகவும், 2024இல் வந்த அதிதி திட்டத்தில் 25 கோடியாகவும் உயர்ந்திருக்கிறது. எந்த எண் உயர்ந்திருக்கிறது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். கொள்முதல் பக்கத்திலும் நல்ல மாற்றம் வந்திருக்கிறது: படைகளின் தேவை ஏற்கப்படுவதிலிருந்து ஒப்பந்தம் வரையான காலத்தைச் சுமார் 22 வாரங்களாகக் குறைக்கும் நடைமுறை 2022இல் வகுக்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த பிக் பேங் பூம் சொல்யூஷன்ஸ், ஐடெக்ஸ் வழியே உருவாக்கிய ட்ரோன் எதிர்ப்பு அமைப்புக்கு ராணுவத்திடமும் விமானப்படையிடமும் 200 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஆணை பெற்றது. ஆணை வந்ததால்தான் அந்த ஆய்வு தொழிலாயிற்று. கோவையிலும் ஓசூரிலும் பட்டறை நடத்தும் சிறு உற்பத்தியாளருக்கு மானியத்தைவிட இந்தச் செய்தியே துணிவு தரும்.

அமெரிக்காவில் தொகை பெரிதா கேள்வி பெரிதா என்ற வழக்கு தீர்க்கப்பட்டதற்குக் காரணம், தோற்றவர்களின் விண்ணப்பங்களையும் மதிப்பெண்களையும் ஆய்வாளர்களிடம் விமானப்படை ஒப்படைத்ததே. வென்றவர்களின் பட்டியலை மட்டும் வைத்து எந்தத் திட்டத்தையும் மதிப்பிட முடியாது. பாதுகாப்பு அமைச்சகம், ரகசியம் காக்க வேண்டியவற்றை நீக்கிவிட்டு, ஐடெக்ஸில் தேர்வானவை, தள்ளப்பட்டவை என எல்லா விண்ணப்பங்களின் மதிப்பீட்டு விவரங்களையும், ஒவ்வொரு முன்மாதிரியும் கொள்முதலானதா என்ற பதிவையும் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும். உச்சவரம்பை இன்னொரு முறை உயர்த்துவதற்கு முன் அதைச் செய்ய வேண்டும்.