பன்னிரண்டு இலக்கம் பிறந்த கதை

தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு திருப்பூரிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதே கம்பெனிக்குத் திரும்புவதில்லை. அவிநாசி ரோட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தருகிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருப்பார். திரும்பி வந்ததும் அங்கே போய் மிஷினில் உட்கார்ந்துவிடுவார்கள். பவர் டேபிள் டெய்லர், கைமடி, செக்கிங், அயர்ன் என எல்லாருக்கும் வழக்கம் இதுதான். பழைய கம்பெனிக்கு ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த டெய்லரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சனிக்கிழமைச் சம்பளம் கைக்கு வந்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது. தீராமல் நிற்பது பி.எஃப். எனப்படும் வருங்கால வைப்பு நிதி மட்டும்.

அந்தப் பணத்துக்கான சட்டத்தை எழுதியவர்கள் மனதில் இப்படிப்பட்ட தொழிலாளி இல்லை. 1951 நவம்பர் 15ஆம் தேதி அவசரச் சட்டமாக வந்து, 1952இல் முழுச் சட்டமான வருங்கால வைப்பு நிதித் திட்டம் முதலில் ஆறு தொழில்களுக்குத்தான் பொருந்தியது: சிமென்ட், சிகரெட், பொறியியல் பொருள், இரும்பு எஃகு, காகிதம், ஜவுளி. அன்றைக்கு ஜவுளி என்றால் மில். இருபது வயதில் கோயமுத்தூர் மில் ஒன்றில் சேர்ந்தவர் ஓய்வு பெறும்வரை அதே சங்குச் சத்தத்துக்கு எழுந்து போனார். அவருக்கு ஒரு முதலாளி, ஒரு கணக்கு, கடைசியில் ஒரு காசோலை. அதனால் கணக்கு எண்ணைக் கம்பெனியோடு சேர்த்துக் கட்டியது யாருக்கும் தவறாகத் தோன்றவில்லை.

அந்தப் பழைய எண்ணின் அமைப்பைப் பார்த்தாலே விஷயம் புரியும். முதலில் மாநிலக் குறி, அடுத்து அலுவலகக் குறி, பிறகு கம்பெனியின் எண், எல்லாவற்றுக்கும் கடைசியில் சாய்கோடு போட்டுத் தொழிலாளியின் வரிசை எண். அவர் வேறு கம்பெனிக்குப் போனால் அங்கே வேறு எண்ணும் வேறு கணக்கும். பழையதைப் புதியதோடு சேர்க்கப் படிவம் 13 என்று ஒன்று இருந்தது. அதைப் பூர்த்தி செய்து புதிய கம்பெனியில் கொடுக்க வேண்டும். பழைய அலுவலகம் பணத்தோடு, எவ்வளவு சேர்ந்தது, எத்தனை ஆண்டு வேலை என்று குறிக்கிற ‘அனெக்சர் கே’ தாளையும் அனுப்ப வேண்டும். பத்து ஆண்டில் ஆறு கம்பெனி பார்த்த ஒருவர் ஐந்து முறை இந்தப் படிவத்தோடு அலைந்திருக்க வேண்டும். யார் அலைவது? ஒரு நாள் லீவு போட்டால் ஒரு ஷிப்டுக் கூலி போகும்.

கம்பெனிகளும் நிலையாக இல்லை. புதிய நிறுவனம் என்றால் முதல் சில ஆண்டுகளுக்கு விலக்கு என்று சட்டத்தில் இருந்த சலுகை 1997இல்தான் நீங்கியது. இருபது பேருக்குக் குறைவாகக் காட்டினால் சட்டமே தொடாது. ஆகவே பெயர்ப்பலகை மாறும், பங்காளிகள் பிரிவார்கள், ஒரே கட்டடத்துக்குள் இரண்டு கம்பெனி முளைக்கும். சம்பளத்தில் பிடித்தம் கொடுத்த தொழிலாளிக்கோ பலகையில் இருந்த பெயர்தான் தெரியும், பி.எஃப். அலுவலகத்தில் பதிவான பெயர் தெரியாது.

2011 திருப்பூர் மறக்காத ஆண்டு. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு விட்ட வழக்கில், ஜனவரி மாதம் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. பட்டறை ஆட்கள் சிதறிப் போனார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் இன்னொரு விதி நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது: மூன்று ஆண்டு பணம் வராத கணக்கு செயலற்றது, அதற்கு வட்டி கிடையாது. இரண்டுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லை. ஆனால் பட்டறை மூடியதால் வேலை போனவர் தம் பழைய கணக்கை மறந்திருந்தால், 2014இல் வட்டியும் நின்றிருக்கும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்த பன்னிரண்டு இலக்க எண் பிறக்க முதலில் வேண்டியிருந்தது கணக்கு எழுதும் முறையில் ஒரு மாற்றம். அதுவரை கம்பெனிகள் மாதாமாதம் மொத்தத் தொகையைச் சலானில் கட்டின. அதில் யாருக்கு எவ்வளவு என்பது ஆண்டு முடிந்தபின் 3ஏ, 6ஏ படிவங்களில்தான் அலுவலகத்துக்குப் போகும். அவற்றை ஊழியர்கள் உட்கார்ந்து பதிவு செய்து, ஆண்டுச் சீட்டு அச்சாகிக் கம்பெனிக்கு வரும்போது ஆள் அங்கே இருக்க மாட்டார். 2012 ஏப்ரலில் மின்னணுச் சலான் முறை வந்தது. ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு தொழிலாளியின் பெயருக்கும் நேரே தொகையைக் கணினியில் ஏற்றினால்தான் சலானே உருவாகும். ஆளுக்கு ஆள் தனிக் கணக்கு மாதந்தோறும் கண்ணில் படத் தொடங்கிய பிறகுதான், இந்த ஆளும் அந்த ஆளும் ஒருவரே என்று சொல்ல ஓர் எண் தேவை என்பது நடைமுறைப் பேச்சானது. சலானுக்குப் பாராட்டு விழா எதுவும் நடக்கவில்லை. என்னைக் கேட்டால், எண்ணைப் பெற்ற தாய் அதுதான்.

விழா எண்ணுக்கு நடந்தது. 2014 அக்டோபர் 16, டில்லி விஞ்ஞான் பவன். பிரதமர் நரேந்திர மோடி யு.ஏ.என். எனப்படும் பன்னிரண்டு இலக்கப் பொதுக் கணக்கு எண்ணை அறிமுகப்படுத்தி, ஏழைத் தொழிலாளிகளின் 27,000 கோடி ரூபாய் கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று அந்த மேடையிலேயே சொன்னார். கம்பெனி மாறினாலும் எண் மாறாது. ஒவ்வொரு கம்பெனிக் கணக்கும் அதன் கீழே ஒரு கிளையாகச் சேரும். அறுபது ஆண்டுக்குப் பிறகு எண் முதலாளியிடமிருந்து தொழிலாளிக்குக் கைமாறியது.

அந்த 27,000 கோடி பிறகு என்ன ஆனது? 2016 நவம்பரில் விதியைத் திருத்தி, செயலற்ற கணக்கு என்பதன் வரையறையையே மாற்றினார்கள். வேலை விட்டு வேறு எங்கும் சேராதவருக்கும் 58 வயதுவரை வட்டி உண்டு என்றானது. நல்ல திருத்தம். ஆனால் புள்ளிவிவரத்தில் தொகை சட்டென்று சுருங்கியதைப் பார்த்து, பணமெல்லாம் உரியவர் வீடு போய்ச் சேர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. புதிய வரையறைப்படியே 2023-24 முடிவில் 21 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளில் சுமார் 8,500 கோடி ரூபாய் கிடந்தது.

எண் வந்ததும் திருப்பூர் தன் குணத்தைக் காட்டியது. புதிய கம்பெனியில் சேரும்போது, “முன்னாடி எங்கயாவது பி.எஃப். இருந்துச்சா?” என்று கேட்டால், “இல்லீங்க” என்பதே எளிய பதில். இருந்தது என்றால் பழைய எண்ணைத் தேட வேண்டும், வேலை ஒரு வாரம் தள்ளிப் போகும். ஆகவே புதிதாக இன்னோர் எண். ஆளுக்கு ஒன்று என்று பிறந்த எண் ஒரே ஆளுக்கு மூன்றாகப் பெருகியது. அடுத்து, பெயர். ஒரு கம்பெனி ஏட்டில் பழனிசாமி, இன்னொன்றில் பழனிச்சாமி, ஆதாரில் தகப்பனார் பெயரும் சேர்ந்து நீளமாக. பிறந்த தேதியை எழுதியவரோ ஒரு டைம்கீப்பர். பெயரும் தேதியும் எல்லா ஏட்டிலும் ஒத்துப்போகாவிட்டால் கணினி பணத்தை விடாது. கம்பெனியும் தொழிலாளியும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழி வேண்டியிருந்தது. விலகிய தேதியைக்கூட 2020 ஜனவரிவரை கம்பெனிதான் பதிய முடிந்தது. இப்போது தொழிலாளியே பதியலாம். 2025 ஆகஸ்ட் முதல் புதிய எண்ணுக்கு உமங் செயலியில் முகத்தைக் காட்டியாக வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று இதில் இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் 1995ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. பத்து ஆண்டுச் சேவை இருந்தால் 58 வயதிலிருந்து மாதாமாதம் பென்ஷன். ஒரு கம்பெனியில் நாலு, இன்னொன்றில் மூன்று, மற்றொன்றில் மூன்று ஆண்டு உழைத்தவர், அவற்றைச் சேர்க்காமல் விட்டால் பென்ஷனுக்கு ஆகாதவர், சேர்த்தால் ஆகிறவர். பென்ஷனைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் சம்பளம் 14,000 என்றால், அதைச் சேவை ஆண்டான பத்தால் பெருக்கி 70ஆல் வகுத்தால் மாதம் 2,000 ரூபாய். வேலை மாறும்போதெல்லாம் 10சி படிவத்தில் அந்தப் பங்கை எடுத்துச் செலவழித்தவருக்கு அந்த ஆண்டுகள் கணக்கில் வராது. கல்யாணச் செலவுக்கு எடுத்தவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, ஆனால் எடுக்கும்போது இதை யாராவது அவரிடம் சொல்லியிருக்கலாம்.

சேர்க்காமல் விட்டதை இனி எப்படித் தேடுவது? 2014க்கு முந்தின கணக்குகளுக்குப் பெரும்பாலும் பன்னிரண்டு இலக்கம் கிடையாது, அவற்றை அலுவலகத்தில்தான் தேட வேண்டும். பழைய சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, ஈ.எஸ்.ஐ. அட்டை எது கிடைத்தாலும் அதில் கம்பெனியின் சரியான பெயரோ பி.எஃப். எண்ணோ இருக்கும். சேர்ந்த ஆண்டு, விட்ட ஆண்டு, கூட வேலை பார்த்த யாராவது ஒருவரின் எண் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் கடைசிச் சாய்கோடு வரை எல்லாம் அவருக்கும் உங்களுக்கும் ஒன்றே. கம்பெனி மூடிவிட்டது, கையெழுத்துப் போட ஆளில்லை என்று விட்டுவிட வேண்டாம். பணம் கேட்கும் படிவத்தில் சான்றொப்பம் இடத் தகுதியானவர்கள் பட்டியலில் வங்கி மேலாளர், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி, சட்டமன்ற உறுப்பினர் மட்டுமல்ல, போஸ்ட்மாஸ்டரும் ஊராட்சித் தலைவரும்கூட இருக்கிறார்கள். செயலற்றதாகி ஏழு ஆண்டு கேட்காத பணம் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போகும். போன பின்னும் 25 ஆண்டுவரை உரியவரோ வாரிசோ கேட்கலாம். மாவட்டந்தோறும் மாதத்தின் 27ஆம் தேதி பி.எஃப். குறைதீர் முகாம் நடக்கிறது. ஆதார், வங்கிப் பாஸ்புக், செல்போன் மூன்றையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள்.