பேறுகால நோய்த்தணிப்புப் பராமரிப்பு

பேறுகால நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்பது, கருவிலுள்ள குழந்தைக்கு ஆயுளைக் கடுமையாகக் குறைக்கும் நோய் இருப்பது தெரிந்த பின்னரும் கருவைத் தொடர முடிவு செய்யும் குடும்பத்திற்கு வழங்கப்படும் மருத்துவ, உளவியல், ஆன்மீக ஆதரவு ஆகும். நோய் கண்டறியப்பட்ட நாளில் தொடங்கும் இப்பராமரிப்பு, குழந்தை இறந்த பின் பெற்றோரின் துயர்க்காலம் வரை நீள்கிறது. குழந்தையைக் குணப்படுத்துவது இதன் நோக்கம் அன்று. குழந்தைக்குக் கிடைக்கும் காலம் சில நிமிடங்களாயினும் சில மாதங்களாயினும், அது வலியின்றியும் குடும்பத்தாரின் அரவணைப்பிலும் கழிய வழிசெய்வதே நோக்கமாகும். சில நாடுகளில் இது பேறுகால ஹாஸ்பிஸ் எனவும் அழைக்கப்படுகிறது.

நோய்களும் கண்டறிதலும்

மூளையின் பெரும்பகுதியும் மண்டையோட்டின் மேற்பகுதியும் உருவாகாத நிலை இந்நோய்களுள் ஒன்று. இரு சிறுநீரகங்களும் உருவாகாத நிலை மற்றொன்று. இந்நிலையில் கருவின் சிறுநீர் இல்லாததால் பனிக்குட நீர் மிகக் குறைந்து, நுரையீரல் வளர்ச்சி தடைப்படுகிறது. எட்வர்ட்சு கூட்டறிகுறியில் 18ஆம் குரோமோசோமும், பட்டாவு கூட்டறிகுறியில் 13ஆம் குரோமோசோமும் இரண்டுக்குப் பதிலாக மூன்று காணப்படும். இவ்விரண்டும் 1960ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்டன.

உடலமைப்புக் குறைபாடுகள் பெரும்பாலும் 18 முதல் 22 வாரங்களில் எடுக்கப்படும் ஸ்கேனில் தெரிய வருகின்றன. தாயின் இரத்தத்தில் கலந்துள்ள டி.என்.ஏ. துணுக்குகளை ஆராயும் சோதனை ஐயத்தை மட்டுமே எழுப்பும். பனிக்குட நீர்ச் சோதனை போன்றவற்றாலேயே குரோமோசோம் நோய் உறுதி செய்யப்படும்.

ஆயுள் பற்றிய உறுதியின்மை

நோயின் பெயரைக் கொண்டு ஒரு குழந்தையின் வாழ்நாளைத் துல்லியமாகக் கூற இயலாது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1991 முதல் 2012 வரை பிறந்த குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2016இல் வெளியானது. அதன்படி, பட்டாவு கூட்டறிகுறி உடைய குழந்தைகளின் இடைநிலை வாழ்நாள் 12.5 நாட்கள், எட்வர்ட்சு கூட்டறிகுறி உடையோருக்கு 9 நாட்கள். ஆயினும் முதல் வகையினரில் 19.8 விழுக்காட்டினரும் இரண்டாம் வகையினரில் 12.6 விழுக்காட்டினரும் ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தனர். இதனால் "உயிர்வாழ்வுக்கு ஒவ்வாதது" போன்ற சொற்றொடர்களைத் தவிர்க்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றுள்ளது. குழந்தை கருவிலேயே இறப்பது, பிறந்து சில மணி நேரம் வாழ்வது, வீடு திரும்புவது ஆகிய மூன்றுக்கும் குடும்பம் ஆயத்தமாக வேண்டியுள்ளது.

வரலாறு

சிசிலி சாண்டர்சு 1967இல் இலண்டனில் புனித கிறித்தோபர் ஹாஸ்பிஸை நிறுவினார். குழந்தைகளுக்கான உலகின் முதல் ஹாஸ்பிஸான எலன் இல்லம் 1982இல் ஆக்சுபோர்டில் திறக்கப்பட்டது. இக்கருத்தைக் கருவிலுள்ள குழந்தைகளுக்கும் விரிவுபடுத்தி அமெரிக்க மருத்துவர்களான நேத்தன் ஓல்ட்கி, பைரன் கால்ஹூன் ஆகியோர் எழுதிய கட்டுரை 2001இல் மகப்பேற்று மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது. பிரித்தானியப் பேறுகால மருத்துவச் சங்கம் 2010இலும், அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் கல்லூரி 2019இலும் இதற்கான வழிகாட்டல்களை வெளியிட்டன.

பேற்றுத் திட்டம்

பெற்றோரும் மகப்பேற்று மருத்துவர், பச்சிளங்குழந்தை மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர் ஆகியோரும் கலந்து பேசி எழுதும் பேற்றுத் திட்டமே இப்பராமரிப்பின் மையம். இதில் பொதுவாகப் பின்வருவன இடம்பெறும்:

- பேற்றின்போது குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து கண்காணிப்பதா
- தாயின் உடல்நலக் காரணமின்றி, குழந்தைக்காக மட்டும் சிசேரியன் செய்வதா
- செயற்கைச் சுவாசம் அளிப்பதா, இதப்படுத்தும் பராமரிப்பு மட்டும் போதுமா
- பேற்றறையில் யார் உடனிருப்பது, பெயர்சூட்டலும் சமயச் சடங்கும் எப்போது

இத்திட்டத்தைப் பெற்றோர் எந்நேரத்திலும் மாற்றலாம். பணி நேரம் மாறினாலும் அனைத்து ஊழியரும் அறியுமாறு அது மருத்துவக் குறிப்பேட்டில் வைக்கப்படுகிறது. இல்லையெனில், புதிதாக வரும் ஊழியர் செய்தி அறியாமல் வாழ்த்துக் கூறுவதும், பெற்றோர் அனைத்தையும் மீண்டும் விளக்க நேர்வதும் உண்டு.

பிறப்பிற்குப் பின்

குழந்தையைத் துடைத்து, தாய் அல்லது தந்தையின் வெற்று மார்பில் கிடத்தி, கதகதப்பாக வைப்பர். உறிஞ்ச இயலாத குழந்தைக்கு உதட்டில் சில துளி சீம்பால் இடப்படும். வலியோ மூச்சுத்திணறலோ தென்பட்டால், ஊசி குத்தாமல் வாய்வழியாகவோ மூக்குவழியாகவோ மருந்து தரப்படும். எடை பார்த்தல், கால்தடம் பதித்தல், ஒளிப்படம் எடுத்தல் ஆகியன நினைவுகளைச் சேமிக்க உதவுகின்றன. பிரித்தானியாவிலும் பிற நாடுகளிலும் உள்ள சில மருத்துவமனைகளில் குளிரூட்டும் தொட்டில்கள் பயன்படுகின்றன. இவை இறந்த குழந்தையுடன் பெற்றோர் மேலும் சில நாட்கள் இருக்க இடமளிக்கின்றன.

குழந்தை இறந்த பின்னரும் தாய்க்குப் பால் சுரக்கும். இதனை முன்கூட்டியே கூறி, சுரப்பைக் குறைக்கவோ பால் வங்கிக்குக் கொடையளிக்கவோ வழிகாட்டுவதும் இப்பராமரிப்பின் பகுதியாகும். மூத்த குழந்தைகளிடம் "தூங்கிவிட்டது" என்று மறைத்துக் கூறாமல், இறந்ததை எளிய சொற்களில் கூறுமாறு பெற்றோருக்கு அறிவுறுத்தப்படுகிறது.

விவாதங்கள்

கருக்கலைப்புப் பற்றிய அரசியல் விவாதத்தில் இப்பராமரிப்பும் இழுக்கப்படுவதுண்டு. அமெரிக்காவின் சில மாநிலங்களில் இது குறித்துப் பெற்றோருக்குத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. மேற்குறித்த 2019 வழிகாட்டல், கருக்கலைப்பு, முழுமையான தீவிர சிகிச்சை ஆகியவற்றுடன் இதனையும் ஒரு தெரிவாகச் சார்பின்றி முன்வைக்குமாறு கூறுகிறது. கருவைத் தொடர்பவர்களிடம் "செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று கூறி அனுப்பும் நிலையை மாற்றுவதே இப்பராமரிப்பின் முதன்மையான பங்களிப்பாகும்.